கேலரியைக் காலிசெய்ய வேண்டிய நாள்

2001 மார்ச்சில் இங்கிலாந்தின் செல்ட்னம் நகரில் குதிரைகள் ஓடவில்லை. ஆண்டுதோறும் பெருங்கூட்டம் திரளும் பந்தயத் திருவிழா அது. கடல் கடந்து அயர்லாந்திலிருந்தும் ஆட்கள் வந்து குவிவார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் பிரிட்டனின் மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் பன்றிகளுக்கும் கோமாரி நோய் பரவத் தொடங்கியிருந்தது. திருவிழாவை முதலில் ஏப்ரலுக்குத் தள்ளிவைத்தார்கள். பிறகு பந்தயத் திடலுக்கு அருகிலேயே ஒரு பண்ணையில் நோய் உறுதியானது. அத்தோடு அந்த ஆண்டுக்கு எல்லாம் ரத்து.

கோமாரி குதிரைகளுக்கு வருவதில்லை. மனிதர்களுக்கும் அநேகமாக வராது. ஆனால் பார்க்க வருபவரின் பூட்ஸில் ஒட்டிய சேறும் கார் டயரில் அப்பிய மண்ணும் கிருமியை ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்குக் கொண்டுபோய்விடும். வருபவர்களில் பலர் கிராமத்துக்காரர்கள், பண்ணையோடு தொடர்புள்ளவர்கள். அதே ஆண்டு ரக்பியிலும் அயர்லாந்து அணி ஆடவேண்டிய மூன்று சர்வதேச ஆட்டங்கள் வசந்தத்திலிருந்து இலையுதிர் காலத்துக்குப் போயின. மனிதர்களைப் பாதிக்காத ஒரு நோய்க்காக மனிதர்கள் கூடுவதை நிறுத்தினார்கள். பெரிதாக யாரும் கேள்வி கேட்கவில்லை. கிருமி எந்த வழியாகப் பயணம் செய்யும் என்பது எல்லோருக்கும் புரிந்திருந்தது.

19 ஆண்டுகள் கழித்து, 2020 மார்ச் 10 முதல் 13 வரை, அதே செல்ட்னத்தில் திருவிழா தடையின்றி நடந்தது. நான்கு நாட்களில் சுமார் இரண்டரை லட்சம் பேர் வந்துபோனார்கள். கைகழுவ ஆங்காங்கே கூடுதல் ஏற்பாடுகள் இருந்தன. இத்தாலி நாடு முழுவதையும் அதற்குள் பூட்டிவிட்டது. திருவிழாவின் இரண்டாம் நாளில்தான் உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19ஐப் பெருந்தொற்று என்று குறிப்பிட்டது.

இதைப் பார்த்துச் சிரிப்பது எளிது. ஆனால் பிரிட்டன் அரசு அன்று கண்ணை மூடிக்கொண்டு முடிவெடுத்தது என்று சொல்ல முடியாது. அதன் கையில் ஒரு கணக்கு இருந்தது. அரங்கில் உட்கார்ந்திருக்கும் ரசிகர் உண்மையில் எத்தனை பேரோடு நெருங்கியிருக்கிறார்? முன்னால் இருவர், பின்னால் இருவர், பக்கத்தில் இருவர். அதுவும் இரண்டு மணி நேரம், திறந்த வானத்துக்குக் கீழே. அதே ஆள் வீட்டில், அலுவலகத்தில், பள்ளியில், மதுக்கடையில் செலவிடும் நேரத்தைக் கூட்டினால் அரங்கில் கழித்த நேரம் சொற்பம். நீல் ஃபெர்குசன் தலைமையில் லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு மார்ச் 16 அன்று வெளியிட்ட புகழ்பெற்ற அறிக்கையிலும் இதே வாதம் உண்டு. பெருங்கூட்டங்களைத் தடுப்பதால் மட்டும் பரவல் பெரிதாகக் குறையாது, ஏனென்றால் அங்கே கழியும் தொடர்பு நேரம் குறைவு என்று அது சொன்னது. நாட்டை ஊரடங்குக்குத் தள்ளிய அறிக்கையே அதுதான் என்பதால் அந்த வரியை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது.

கணக்கு தவறில்லை. ஆனால் அது போட்டியை அரங்குக்குள் நடக்கும் இரண்டு மணி நேரமாகவே பார்த்தது.

போட்டி நாள் என்பது விடிகாலையில் ஊரிலிருந்து புறப்படும் வாடகைப் பேருந்தில் தொடங்குகிறது. நெரிசலான ரயில், சதுக்கத்தில் கூடிப் பாடுவது, பீர் கடை வாசல், கழிப்பறை வரிசை, நுழைவாயில் தள்ளுமுள்ளு, கோல் விழுந்ததும் முன்பின் தெரியாதவரைக் கட்டிப்பிடிப்பது, ராத்திரி திரும்பும் வழியில் மறுபடி அதே பேருந்து. டிக்கெட் கிடைக்காதவர்கள் வீட்டிலும் கடையிலும் ஒரே திரைமுன் கூடுவார்கள். இவற்றில் எதுவும் இருக்கை வரைபடத்தில் வராது.

இத்தாலியின் பெர்கமோ நகரம் இதற்குச் சாட்சி. ஊரின் மக்கள்தொகை ஏறக்குறைய 1,20,000. அதன் கால்பந்து அணியான அட்டலாண்டா வரலாற்றில் முதல் தடவையாக ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கின் நாக்-அவுட் சுற்றுக்கு வந்திருந்தது. சொந்த மைதானம் அந்தப் போட்டித் தொடருக்கான தகுதியைப் பெறவில்லை. எனவே 2020 பிப்ரவரி 19 அன்று ஸ்பெயினின் வலென்சியா அணியுடனான ஆட்டம் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, மிலானின் சான் சீரோ அரங்கில் நடந்தது. வந்திருந்தவர்கள் 44,000 பேருக்கு மேல். அவர்களில் சுமார் 40,000 பேர் பெர்கமோவும் அதைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்கு ஊர்களும் அனுப்பிவைத்தவர்கள். வலென்சியாவிலிருந்து சுமார் 2,500 பேர். அட்டலாண்டா 4–1 என்று வென்றது. நான்கு முறை அந்தக் கூட்டம் துள்ளிக் குதித்தது.

அந்த இரவில் இத்தாலி முழுவதும் அறியப்பட்ட கோவிட் நோயாளிகள் மூன்றே பேர். இருவர் சீனச் சுற்றுலாப் பயணிகள், ஒருவர் ஊஹானிலிருந்து அழைத்துவரப்பட்ட இத்தாலியர். மறுநாள் இரவுதான் மிலானுக்குத் தென்கிழக்கே கொடோன்யோ என்ற சிற்றூரில், சீனாவுக்கே போகாத 38 வயதுக்காரர் ஒருவருக்குத் தொற்று உறுதியானது. ஒரு நாள் இடைவெளி. மார்ச் மாதத்தில் பெர்கமோ மாகாணத்தில் நிகழ்ந்த மரணங்கள் முந்தைய ஐந்தாண்டு சராசரியைவிட 568 சதவீதம் கூடுதல் என்று இத்தாலியின் தேசியப் புள்ளியியல் நிறுவனம் பின்னர் கணக்கிட்டது. உள்ளூர் நாளிதழில் இரங்கல் அறிவிப்புகள் பக்கம் பக்கமாக நீண்டன. வலென்சியா அணியில் ஆட்டக்காரர்களும் பயிற்சிக் குழுவினருமாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொற்று கண்டார்கள். நகரின் பெரிய மருத்துவமனையில் நுரையீரல் துறைத் தலைவரான ஃபாபியானோ டி மார்கோ அந்த ஆட்டத்தை ஒரு கிருமிக் குண்டு என்ற பொருளில் வர்ணித்தார். உலகப் பத்திரிகைகள் அதைத் தலைப்பாக்கின.

தலைப்புகள் சொன்னதில் பாதிதான் சரி. பெர்கமோ அடங்கிய லொம்பார்தி பகுதியில் கிருமி ஜனவரியிலிருந்தே ஓசையின்றிச் சுற்றிக்கொண்டிருந்ததைப் பின்னாளைய ஆய்வுகள் காட்டின. பெர்கமோ அருகே அல்சானோ மருத்துவமனையில் பரவல் கண்டறியப்பட்ட பிறகும் அந்தப் பகுதி உடனே தனிமைப்படுத்தப்படவில்லை. ஆட்டம் நடந்திராவிட்டாலும் பெர்கமோ துன்பப்பட்டிருக்கும். ஆனால் ஏற்கெனவே பற்றிய இடங்களை ஒரே மாலையில் இணைத்துவிட்டது அந்த ஆட்டம். ஒரே பள்ளத்தாக்கின் பல ஊர்க்காரர்கள் ஒரே பேருந்தில் போனார்கள். ஊரில் தங்கியவர்கள் வீடுகளிலும் கடைகளிலும் கூட்டமாய்ப் பார்த்தார்கள். அதை ரத்து செய்திருக்க முடியுமா என்றால், நேர்மையான பதில் முடியாது என்பதே. பிப்ரவரி 19 அன்று அதற்கான காரணம் யார் கையிலும் இல்லை.

கூட்டம் பெரிதாகப் பெரிதாக ஏன் ஆபத்து கூடுகிறது என்பதைச் சாதாரணக் கணக்கிலேயே பார்க்கலாம். ஒரு நாட்டில் பத்தாயிரம் பேருக்கு ஒருவர், தனக்கே தெரியாமல், தொற்றோடு நடமாடுவதாக வைத்துக்கொள்வோம். நூறு பேர் வரும் கல்யாணத்தில் அப்படி ஒருவராவது இருக்கும் வாய்ப்பு 1 சதவீதம். 50,000 பேர் கூடும் அரங்கில் அந்த வாய்ப்பு 99 சதவீதத்துக்கும் மேல். சராசரியாக ஐந்து பேர் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். இதைச் சொல்லி நிறுத்திக்கொண்டால் அது பாதி உண்மை. நூறு பேர் கலந்துகொள்ளும் ஐநூறு கல்யாணங்கள் நடந்தாலும் மொத்தம் 50,000 பேர்தான், தொற்றோடு வருபவர்களும் அதே ஐந்து பேர்தான். அப்படியென்றால் அரங்கை மூடிவிட்டுக் கல்யாண மண்டபங்களைத் திறந்துவைப்பதில் என்ன நியாயம்?

நியாயம் இரண்டு இடங்களில் ஒளிந்திருக்கிறது. கல்யாணத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ஒருவரையொருவர் சந்திக்கும் உறவும் நட்பும். அங்கே பரவும் கிருமி அந்த வட்டத்துக்குள் கொஞ்ச நாள் சுற்றும். ஒரு சர்வதேச ஆட்டம் வேறெந்த வழியிலும் சந்திக்க வாய்ப்பில்லாத இரண்டு நகரங்களை ஒரே நாளில் முடிச்சுப்போடுகிறது. இன்னொன்று, கோவிட் எல்லோரிடமிருந்தும் ஒரே அளவில் பரவவில்லை. தொற்றியவர்களில் பத்தில் ஒருவர் ஏறக்குறைய 80 சதவீதப் பரவலுக்குக் காரணமாக இருக்கலாம் என்று 2020இல் அகிரா எண்டோவும் சகாக்களும் கணித்தார்கள். பெரும்பாலானவர்கள் யாருக்கும் கொடுப்பதில்லை. ஒரு சிலர் ஒரே நாளில் பலருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். 2003 சார்ஸ் நோயிலும் இதே குணம் தெரிந்தது. இப்படிப்பட்ட நோயில் சராசரித் தொடர்பு நேரம் என்ற அளவுகோல் நம்மை ஏமாற்றிவிடும். சராசரி நாளில் எதுவும் நடக்காது. நடக்கிற ஒரு நாள்தான் ஒரு நகரத்தைக் கவிழ்க்கிறது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காகிட் பள்ளத்தாக்குப் பாடகர் குழு 2020 மார்ச் 10 அன்று ஒத்திகைக்குக் கூடியது. வந்தவர்கள் 61 பேர். தொற்று உறுதியானவர்களும் சந்தேகிக்கப்பட்டவர்களுமாக 53 பேர், இறந்தவர்கள் இருவர். மூடிய அறை, உரத்த குரல், இரண்டரை மணி நேரம். அடுத்த நாள் கனடாவின் எட்மன்டன் நகரில் டாக்டர்களின் கர்லிங் போட்டி தொடங்கி நான்கு நாள் நடந்தது. வழுக்குப் பனித்தரையில் கல்லைத் தள்ளிவிடும் அந்த ஆட்டத்தில் உடல் உரசலே கிடையாது. இருந்தும் கலந்துகொண்ட எழுபத்துச் சொச்சம் பேரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தொற்று. ஆட்டத்தைவிட, அதைச் சுற்றிய சாப்பாட்டு மேசைகள்தான் சந்தேகத்துக்குள்ளாயின. ஆடியவர்களில் பெரும்பாலானவர்கள் மருத்துவத் துறையினர் என்பதை நினைத்தால், ரசிகர்களைக் குறை சொல்லக் கொஞ்சம் தயக்கம் வரும்.

அந்த மார்ச் 11, புதன்கிழமை, விளையாட்டு வரலாற்றில் தனித்துப் படிக்கவேண்டிய நாள். ஒரே நாளில் மூன்று நகரங்கள் மூன்று விதமாக முடிவெடுத்தன.

லிவர்பூலின் ஆன்ஃபீல்டு அரங்கில் 52,000 பேர். எதிரணி அட்லெட்டிகோ மாட்ரிட். மாட்ரிட்டில் அன்றைக்குப் பள்ளிகள் மூடப்பட்டிருந்தன. ஸ்பெயினின் லீக் ஆட்டங்களைப் பூட்டிய அரங்கில் நடத்துவதென முந்தைய நாளே முடிவாகியிருந்தது. சொந்த ஊரில் தங்கள் அணியைப் பார்க்க அனுமதி இல்லாத மாட்ரிட் ரசிகர்கள் சுமார் 3,000 பேர் விமானமேறி இன்னொரு நாட்டுக்கு வந்து பார்த்தார்கள். பகலெல்லாம் நகரின் கடைகளில் உட்கார்ந்து பாடினார்கள். பாரிஸில் அதே இரவு பிஎஸ்ஜி அணி டார்ட்மண்டை எதிர்கொண்டது. அங்கே அரங்கம் பூட்டித்தான் இருந்தது. ஆயிரக்கணக்கான ரசிகர்கள் வெளியே தெருவில் நெருக்கியடித்து நின்று பட்டாசு கொளுத்தினார்கள். வென்ற ஆட்டக்காரர்கள் மாடத்துக்கு வந்து அவர்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். இருக்கைகளைக் காலிசெய்வது கூட்டத்தைக் கலைப்பதாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் கிடைக்காது.

மூன்றாவது நகரம் அமெரிக்காவின் ஒக்லஹோமா சிட்டி. கூடைப்பந்து ஆட்டம் தொடங்கச் சில நிமிடங்களே இருந்தபோது யூட்டா ஜாஸ் அணியின் ரூடி கோபேருக்குத் தொற்று என்ற சோதனை முடிவு வந்தது. இரண்டு நாள் முன்புதான் அவர், நோயைக் கிண்டலடிக்கும் விதமாக, செய்தியாளர்களின் மைக்குகளையெல்லாம் வேண்டுமென்றே தொட்டுவிட்டுப் போயிருந்தார். பதினெட்டாயிரம் பேர் அமரக்கூடிய உள்ளரங்கில் ரசிகர்களைப் பதற்றமின்றி வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அன்றிரவே என்பிஏ முழுப் பருவத்தையும் நிறுத்திவைத்தது. அடுத்த இரண்டு நாட்களில் பனி ஹாக்கி, கல்லூரிக் கூடைப்பந்து, கால்பந்து, கோல்ஃப் என்று வரிசையாக நின்றன. 1939இல் தொடங்கியதிலிருந்து நிற்காத கல்லூரிக் கூடைப்பந்துத் தொடர் முதல் தடவையாக ரத்தானது. தொற்றுநோயியல் பேராசிரியர்கள் ஆறு வாரமாகக் கத்தியும் கேளாத காதுகளுக்கு அந்த ஒரு ரத்து கேட்டது. போட்டியை நிறுத்துவதன் பலனில் ஒரு பகுதி அரங்குக்கு வெளியே, நாளைக்குப் பேரப்பிள்ளையின் பிறந்தநாள் விழாவை நடத்தலாமா என்று யோசிக்கும் வீட்டில் விளைகிறது. எந்தத் தொடர்பு நேரக் கணக்கிலும் அது ஏறாது.

பிரிட்டனில் மார்ச் 12 இரவு ஆர்சனல் மேலாளர் மிகேல் அர்டேட்டாவுக்குத் தொற்று உறுதியானது. மறுநாள் பிரீமியர் லீக் தானாகவே நின்றுகொண்டது. அரசு சொல்லும்வரை அது காத்திருக்கவில்லை. செல்ட்னமும் ஆன்ஃபீல்டும் என்ன விலை கொடுத்தன என்பதை, சுகாதாரத் தரவுகளை ஆராயும் எட்ஜ் ஹெல்த் நிறுவனம் பின்னர் மதிப்பிட்டது: பக்கத்து மருத்துவமனைகளில் லிவர்பூல் ஆட்டத்தோடு தொடர்புபடுத்தக்கூடிய கூடுதல் மரணங்கள் 41, செல்ட்னத்தோடு 37. இவை புள்ளியியல் ஒப்பீட்டில் கிடைத்த எண்கள். எந்த மனிதர் எந்த இருக்கையில் கிருமியை வாங்கினார் என்று தேடிப்போய்க் கண்டுபிடித்தவை அல்ல. ஆனால் திசையைக் காட்டப் போதும்.

நாள்தான் இதில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. தடுப்பே இல்லாத தொடக்க வாரங்களில் பல ஐரோப்பிய நாடுகளில் தொற்று ஏறக்குறைய மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டித்தது. ஒன்பது நாள் முந்திக்கொண்டால் எட்டில் ஒரு பங்கு நோயாளிகளோடு போராடலாம். ஒன்பது நாள் தாமதித்தால் எட்டு மடங்கு. 1918 இன்ஃப்ளுயன்சாவில் அமெரிக்க நகரங்கள் இதை நேரில் கண்டன. ஃபிலடெல்ஃபியாவில் செப்டம்பர் 17 வாக்கில் நோய் தென்பட்டுவிட்டது. ஆனாலும் 28ஆம் தேதி போர்க் கடன் திரட்டும் ஊர்வலத்துக்கு சுமார் இரண்டு லட்சம் பேர் கூடினார்கள். கூட்டத் தடை அக்டோபர் 3இல்தான் வந்தது. செயின்ட் லூயிஸில் அக்டோபர் 5 அன்று முதல் நோயாளிகள் தெரியவந்ததும் இரண்டே நாளில் சுகாதார ஆணையர் மேக்ஸ் ஸ்டார்க்ளாஃப் திரையரங்கு, பள்ளி, தேவாலயம், பொதுக்கூட்டம் அத்தனையையும் மூடினார். உச்ச வாரத்தில் ஒரு லட்சம் பேருக்கு ஃபிலடெல்ஃபியாவில் 257 பேர் இறந்தார்கள். செயின்ட் லூயிஸில் 31. 2007இல் ரிச்சர்ட் ஹேட்செட், கார்ட்டர் மெக்கர், மார்க் லிப்சிட்ச் மூவரும் இந்த எண்களைத் தூசிதட்டி எடுத்து ஒப்பிட்டார்கள்.

அதே நோயின் கடைசி அலையில் பனி ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பை இறுதிப்போட்டி நின்றுபோனது. 1919 ஏப்ரல் 1 அன்று சியாட்டிலில் தீர்மானிக்கும் ஆட்டம். தொடர் சமநிலையில் இருந்தது. மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணியின் பெரும்பாலானவர்கள் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். கோப்பையை விட்டுக்கொடுக்க மான்ட்ரியல் முன்வந்தது; சியாட்டில் பயிற்சியாளர் பீட் மல்டூன் அப்படி ஒரு வெற்றியை ஏற்க மறுத்தார். நான்கு நாளில் மான்ட்ரியலின் ஜோ ஹால் இறந்தார். இதை ரசிகர்களைக் காப்பாற்றிய ரத்து என்று சொல்லமாட்டோம். ஆட ஆளில்லாமல் நின்ற ஆட்டம் அது. கோபேருக்கும் அர்டேட்டாவுக்கும் முன்னோடி. ஒரு நூற்றாண்டு கழித்தும் விளையாட்டு அமைப்புகள் பெரும்பாலும் தங்கள் ஆள் ஒருவர் படுக்கையில் விழுந்த பிறகுதான் கதவைச் சாத்தின.

எல்லா நோய்க்கும் ஒரே மருந்து இல்லை என்பதையும் சொல்லவேண்டும். 2015 ஆப்பிரிக்கக் கோப்பைக் கால்பந்தை நடத்தவேண்டிய மொராக்கோ, எபோலாவுக்குப் பயந்து தள்ளிவைக்கக் கேட்டது. ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு மறுத்துவிட்டு, போட்டியை ஈக்வடோரியல் கினியாவுக்கு மாற்றியது. அது எபோலா பரவல் இல்லாமல் நடந்து முடிந்தது. எபோலா நோயாளி அறிகுறி தோன்றும் முன் பிறருக்குப் பரப்புவதில்லை. பரப்பும் நிலைக்கு வந்தவர் கேலரியில் எழுந்து நின்று கோஷம் போடும் நிலையில் இருப்பதில்லை. கோவிடில் காய்ச்சல் தெரியும் ஒன்றிரண்டு நாள் முன்பே ஒருவர் கிருமியை வெளிவிடுகிறார், நன்றாகவே உணர்கிறார், டிக்கெட்டும் கையில் வைத்திருக்கிறார். 2003இல் சார்ஸ் காரணமாகப் பெண்கள் உலகக் கோப்பையைச் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்கு மாற்றியதையும், 2009இல் பன்றிக் காய்ச்சலின்போது மெக்சிகோ சிட்டியில் காலி அரங்கங்களில் கால்பந்து ஆடியதையும் இதே அளவுகோலில்தான் எடைபோட வேண்டும்.

பிறகு பணம். ரத்து செய்வதை எளிதாக்குவது அறிவு மட்டும் இல்லை. 2020 ஏப்ரல் 1 அன்று விம்பிள்டன் அந்த ஆண்டுப் போட்டியை ரத்து செய்தது, இரண்டாம் உலகப்போருக்குப் பின் முதல் தடவையாக. சார்ஸ் காலத்துக்குப் பிறகு அது தொற்றுநோயையும் உள்ளடக்கிய காப்பீடு எடுத்து ஆண்டு தவறாமல் தவணை கட்டிவந்திருந்தது. அந்த ஆண்டு ஆடவேண்டியிருந்த 620 வீரர்களுக்குச் சேர்த்து ஒரு கோடி பவுண்டு பகிர்ந்தளிக்கவும் அதனால் முடிந்தது. காப்பீடு இல்லாத சங்கங்கள் அரசின் வாயிலிருந்து உத்தரவு வரட்டும் என்று காத்திருந்தன. அரசோ சங்கங்கள் தாமாக நிறுத்தட்டும் என்று காத்திருந்தது. செல்ட்னத்தின் நான்கு நாட்கள் இந்தக் காத்திருப்பில்தான் கழிந்தன என்று தோன்றுகிறது.

இந்தியாவில் முதல் அலைக்கு முன்பு முடிவுகள் வேகமாகவே வந்தன. மார்ச் 14 அன்று கோவாவின் ஃபதோர்டா மைதானத்தில் ஐஎஸ்எல் இறுதிப்போட்டி. சென்னையின் எஃப்சி கொல்கத்தாவின் ஏடிகேயிடம் 1–3 என்று தோற்றதைப் பார்க்க கேலரியில் ஒரு ரசிகரும் இல்லை. தென்னாப்பிரிக்காவுடனான கடைசி இரண்டு ஒருநாள் ஆட்டங்கள் ரத்தாயின. முந்தைய நாள் கொழும்பில் பயிற்சி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்த இங்கிலாந்து அணி பாதியிலேயே சுற்றுப்பயணத்தைக் கைவிட்டு ஊர் திரும்பியது. மார்ச் 29இல் தொடங்கவேண்டிய ஐபிஎல் கடைசியில் செப்டம்பரில், ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்தது.

தடுமாற்றம் அடுத்த ஆண்டு வந்தது. 2021 பிப்ரவரி 13 அன்று சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிரான இரண்டாவது டெஸ்டுக்குப் பாதி இருக்கைகளுக்கு ரசிகர்களை அனுமதித்தார்கள். தொற்று தணிந்திருந்த நேரம் அது. ஒரு மாதம் கழித்து, எண்ணிக்கை மறுபடி ஏறத் தொடங்கிய பிறகு, மார்ச் 12இலும் 14இலும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் அமரக்கூடிய அகமதாபாத் அரங்கில் டி20 ஆட்டங்களுக்குப் பல்லாயிரக்கணக்கானோர் வந்தார்கள். 16ஆம் தேதி மூன்றாவது ஆட்டத்துக்கு வாயில் மூடப்பட்டது. ஏப்ரல் 9 அன்று சேப்பாக்கத்தில் ஐபிஎல் தொடங்கியபோது கேலரி காலி, ஆட்டக்காரர்கள் பாதுகாப்புக் குமிழிக்குள். மே 3 அன்று கொல்கத்தா அணியின் வருண் சக்கரவர்த்திக்கும் சந்தீப் வாரியருக்கும் தொற்று உறுதியானது. வருண் ஸ்கேன் எடுக்கக் குமிழியை விட்டு வெளியே போய்வந்ததாகச் செய்திகள் வந்தன. சென்னை அணியின் பந்துவீச்சுப் பயிற்சியாளர் எல். பாலாஜிக்கும் தொற்று. மே 4 அன்று 29 ஆட்டங்களோடு தொடர் நின்றது. நாட்டில் தினசரித் தொற்று நான்கு லட்சத்தைத் தொட்டிருந்த நாட்கள். ரசிகர் இல்லாத ஆட்டம் ரசிகருக்குப் பாதுகாப்பு. ஆனால் சமையல்காரர், ஓட்டுநர், மைதானப் பணியாளர் என்று ஒரு சிற்றூர் அளவுக்கு ஆட்களை நகரம் நகரமாக நகர்த்தும் வேலை அப்போதும் மிச்சமிருக்கிறது.

ஒமைக்ரான் அலையில், 2022 பொங்கலுக்கு, தமிழ்நாடு அரசு வேறொரு வழியை முயன்றது. ஜல்லிக்கட்டை நிறுத்தவில்லை. பார்வையாளர்கள் 150 பேர் அல்லது இருக்கைகளில் பாதி, எது குறைவோ அதற்கு மேல் கூடாது. மாட்டுக்காரரோடு ஓர் உதவியாளர் மட்டும், எல்லோருக்கும் தடுப்பூசிச் சான்றும் பரிசோதனை முடிவும் கட்டாயம். ஞாயிறு முழு ஊரடங்கு என்பதால் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு ஒரு நாள் தள்ளி, ஜனவரி 17 திங்களன்று நடந்தது. மற்றவர்கள் தொலைக்காட்சியில் பார்த்தார்கள்.

இப்படிப் பாதி திறந்த கதவுகளைச் சோதித்துப் பார்க்க பிரிட்டனுக்கு 2021 கோடை ஒரு பெரிய வாய்ப்பானது. ஓராண்டு தள்ளிப்போன யூரோ கால்பந்து அப்போது நடந்தது. ஜூன் 18 அன்று லண்டன் வெம்ப்ளியில் இங்கிலாந்துடன் ஸ்காட்லாந்து ஆடியது. பின்னர் தொற்று உறுதியான ஸ்காட்லாந்துக்காரர்களில் 1,991 பேர், தொற்றைப் பரப்பக்கூடிய நாட்களில் யூரோ தொடர்பான ஏதோவொரு கூட்டத்துக்குப் போயிருந்ததாக அந்நாட்டின் பொதுச் சுகாதாரத் துறை கண்டறிந்தது. மூன்றில் இருவர் லண்டனுக்குப் பயணம் செய்தவர்கள். ஆனால் அரங்குக்குள் இருந்தவர்கள் 397 பேர் மட்டுமே. மற்றவர்கள் ரயிலிலும் சதுக்கத்திலும் மதுக்கடையிலும் இருந்தவர்கள். பெரும்பாலானோர் 20 முதல் 39 வயதுக்குட்பட்ட ஆண்கள். அதே வாரங்களில் இம்பீரியல் கல்லூரி இங்கிலாந்தில் நடத்திய பரிசோதனைக் கணக்கெடுப்பில், பெண்களைவிட ஆண்களுக்குத் தொற்று இருக்கும் வாய்ப்பு சுமார் 30 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. ஒரு கால்பந்துத் தொடர் ஒரு நாட்டின் தொற்றுப் புள்ளிவிவரத்தில் ஆண், பெண் என்று பிளவை உண்டாக்கியது அநேகமாக அதுவே முதல் தடவை.

அந்தக் கோடையில் சில்வர்ஸ்டோன் கார் பந்தயத்துக்கு மூன்று நாட்களில் சுமார் மூன்றரை லட்சம் பேர் வந்தார்கள். அதோடு தொடர்புடைய தொற்றுகள் 585. விம்பிள்டனுக்கு சுமார் மூன்று லட்சம் பேர், தொற்றுகள் 881. ஜூலை 11 அன்று வெம்ப்ளியில் நடந்த யூரோ இறுதிப்போட்டிக்கு அனுமதி அறுபதாயிரத்துச் சொச்சம் பேருக்குத்தான். அங்கேயோ சுற்றுப்புறத்திலோ ஏற்கெனவே தொற்றோடு இருந்திருக்கக்கூடியவர்கள் 2,295, அங்கே தொற்றைப் பெற்றிருக்கக்கூடியவர்கள் 3,404. மூன்றுக்கும் நுழைவு விதிகள் ஏறக்குறைய ஒன்றுதான்: தடுப்பூசிச் சான்று அல்லது பரிசோதனை முடிவு. கார் பந்தய ரசிகர் தன் காரில் வந்து, பரந்த திடலில் குடும்பத்தோடு உட்கார்ந்து, திரும்பிப் போனார். இங்கிலாந்து ஆண்கள் அணி 55 ஆண்டுகளுக்குப் பின் ஒரு பெரிய இறுதிப்போட்டிக்கு வந்த நாளில், டிக்கெட் இல்லாதவர்களும் பாதுகாப்பு வளையத்தை உடைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். சான்றைச் சரிபார்க்க அங்கே யாருக்கும் நேரமில்லை.